வாசகர் கேள்வி – பதில்: மாடல் ஹெலிகாப்டரும் ரேடியோ செட்டிங்கும்

இந்த முறை வந்த கேள்விகள் அநேகமாக எல்லாமே ஃப்ளைபார் (மெயின் பிளேடுகளோடு சுழன்று ஹெலிகாப்டரை நிலையாக வைக்கும் எடைக் கம்பி) இல்லாத மின்சார ஹெலிகாப்டர்களைப் பற்றியவை. தனியாகக் குறிப்பிடாத இடங்களில் பதில்களும் அவற்றுக்கே பொருந்தும்.

கேள்வி: 450 அளவு ஹெலிகாப்டரைப் பூட்டி முடித்துவிட்டேன். டிரான்ஸ்மிட்டரில் மெனுவைத் திறந்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

மெனுவுக்குப் போகும் முன்பு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். மெயின் பிளேடு, டெயில் பிளேடு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களில் இரண்டைப் பிடுங்கி, முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி டேப் சுற்றுங்கள். த்ராட்டிலைத் தொடமாட்டேன் என்ற உறுதி எல்லாம் வேண்டாம். செட்டிங் நடக்கும்போது சேனல் தலைகீழாக மாறி மோட்டார் முழு வேகத்தில் கிளம்புவது அடிக்கடி நடப்பதுதான்.

இப்போது டிரான்ஸ்மிட்டரில் புதிய மாடல் ஒன்றைத் திறந்து, வகையில் ‘ஹெலிகாப்டர்’ என்று தேர்ந்தெடுங்கள். ஸ்வாஷ்பிளேட் (சர்வோ எனும் சிறு மோட்டார்களின் அசைவை மெயின் பிளேடுகளுக்குக் கொண்டுபோகும் சாயும் தட்டு) வகை கேட்கும். உங்கள் ஹெலிகாப்டரில் மூன்று சர்வோ 120 டிகிரியில் இருந்தாலும் அங்கே 120 என்று கொடுக்கக் கூடாது. ‘1 சர்வோ’, ‘நார்மல்’, ‘எச்-1’ என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். மிக்ஸிங் எதுவும் செய்யாத அந்த வகையே வேண்டும். மூன்று சர்வோக்களையும் சேர்த்து ஆட்டுவது ஃப்ளைபாருக்குப் பதிலாக சென்சார் வைத்து ஹெலிகாப்டரை நிலைப்படுத்தும் ஃப்ளைபார்லெஸ் யூனிட்டின் வேலை. அதே போல டிரிம் எல்லாம் பூஜ்யம், சப் டிரிம் (நடுநிலையை நகர்த்துவது) பூஜ்யம், டிராவல் (அசைவின் எல்லை) 100, எக்ஸ்போ (நடுவில் ஸ்டிக்கை மென்மையாக்கும் வளைவு) பூஜ்யம், பிட்ச் கர்வும் (ஸ்டிக் நிலைக்கேற்ற மெயின் பிளேடு கோணம்) த்ராட்டில் கர்வும் (அதற்கேற்ற மோட்டார் வேகம்) 0–50–100 என்ற நேர்கோடு. டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு வெறுமையாக இருக்கிறதோ, பின்னால் தவறைத் தேடுவது அவ்வளவு சுலபம்.

அடுத்து ரிசீவரை பைண்ட் செய்து (டிரான்ஸ்மிட்டரோடு ஜோடி சேர்த்து), யூனிட்டை கம்ப்யூட்டரிலோ போனிலோ இணைத்து, சேனல்கள் தெரியும் பக்கத்தைத் திறங்கள். ஐலரான் (பக்கவாட்டுச் சாய்வு), எலிவேட்டர் (முன்பின் சாய்வு), ரடர் (டெயில் திருப்பம்), பிட்ச், த்ராட்டில், கைரோ கெயின் (சுழற்சியை உணரும் கைரோ டெயிலை எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்பது) என ஆறு கோடுகள் இருக்கும். ஒவ்வொரு ஸ்டிக்காக அசையுங்கள். அசைத்த ஸ்டிக்குக்கு உரிய கோடுதான் நகர்கிறதா என்று பாருங்கள். ஃபுடாபா வரிசையில் முதல் சேனல் ஐலரான், மூன்றாவது த்ராட்டில். ஸ்பெக்ட்ரமில் முதல் சேனலே த்ராட்டில். இரண்டிலும் ஐந்தாவது பெரும்பாலும் கைரோவுக்கும் ஆறாவது பிட்ச்சுக்கும் போகும். வரிசை பொருந்தாவிட்டால் யூனிட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு திசை. கோடு எதிர்ப்பக்கம் போனால் டிரான்ஸ்மிட்டரில் அந்த சேனலை ரிவர்ஸ் செய்யுங்கள். கடைசியாக எண்கள்: ஸ்டிக் நடுவில் இருக்கும்போது 0, கோடிகளில் 100 காட்ட வேண்டும். நடுவில் 2, 3 என்று காட்டினால் டிரான்ஸ்மிட்டரின் சப் டிரிம்மைத் தொட்டு 0 ஆக்கலாம். 94 அல்லது 108 காட்டினால் டிராவலைக் கூட்டிக் குறைத்து 100 ஆக்கலாம். டிரான்ஸ்மிட்டரில் சப் டிரிம்மையும் டிராவலையும் தொடுவதற்கு இது ஒன்றுதான் காரணம். சர்வோ கை கோணலாக இருக்கிறது என்பதற்காக அங்கே கை வைக்கக் கூடாது. அதற்கான சப் டிரிம் யூனிட்டுக்குள் தனியாக இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென நினைத்துக் குழப்பிக்கொண்டவர்களின் கடிதங்களே எங்களிடம் ஒரு கட்டு இருக்கிறது.

கேள்வி: கலெக்டிவ் (பிட்ச்) ஸ்டிக்கை மேலே தள்ளினால் ஸ்வாஷ்பிளேட் நேராக உயராமல் ஒரு பக்கம் சரிந்துகொண்டு ஏறுகிறது. சர்வோ பழுதா?

சர்வோ மேல் பழி போடும் முன்பு இரண்டு இடத்தைப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரில் 120 டிகிரி மிக்ஸிங் இயங்கிக்கொண்டிருக்கலாம். யூனிட்டும் மிக்ஸ் செய்கிறது, டிரான்ஸ்மிட்டரும் செய்கிறது. விளைவு நீங்கள் பார்ப்பது. முதல் பதிலில் சொன்ன மாதிரி மிக்ஸிங் இல்லாத வகைக்கு மாற்றுங்கள்.

அது சரியாக இருந்தால், மூன்றில் ஒரு சர்வோ எதிர்த்திசையில் ஓடுகிறது. யூனிட்டின் சர்வோ பக்கத்தில் அந்த ஒன்றை மட்டும் ரிவர்ஸ் செய்யுங்கள்.

ஃப்ளைபார் உள்ள பழைய ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களுக்கு விஷயம் வேறு. அங்கே மிக்ஸிங் டிரான்ஸ்மிட்டரில்தான் நடக்க வேண்டும். முதலில் சர்வோ ரிவர்ஸ் மூலம் மூன்றும் ஒரே திசையில் ஓடும்படி செய்யுங்கள். அதன் பிறகு ஐலரானோ எலிவேட்டரோ பிட்ச்சோ தலைகீழாக இருந்தால் சர்வோ ரிவர்ஸைத் தொடாதீர்கள். ஸ்வாஷ் மிக்ஸ் பக்கத்தில் அதன் எண்ணின் குறியை மாற்றுங்கள். +60 இருந்தால் –60. இந்த வரிசையைத் தவறவிட்டால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும், நாள் முழுக்க சுற்றிச் சுற்றி வரலாம்.

கேள்வி: பிட்ச் ±12 டிகிரி வைக்கச் சொல்கிறார்கள். நான் இப்போதுதான் ஹோவர் (காற்றில் ஒரே இடத்தில் நிற்பது) பழகுகிறேன். எனக்கும் அதே அளவா? கர்வில் என்ன எண் போடுவது?

இயந்திரத்தில் ±12 இருக்கட்டும். உங்களுக்கு வேண்டிய கட்டுப்பாட்டை கர்வில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சென்டர். கலெக்டிவ் ஸ்டிக் நடுவில் நிற்கும்போது சர்வோ கை லிங்க் கம்பிக்கு 90 டிகிரியில் இருக்க வேண்டும். கையைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டிப் பாருங்கள். இன்னொரு கையைப் போட்டும் பாருங்கள். ஒரே சர்வோவில் வேறு வேறு கைகள் வேறு வேறு கோணத்தில் உட்காரும். மிச்சமிருக்கும் சிறு கோணலை மட்டும் யூனிட்டின் சப் டிரிம்மில் சரிசெய்யுங்கள். பிறகு லெவலர் வைத்து ஸ்வாஷ்பிளேட்டை மட்டமாக்குங்கள். அதற்கும் பிறகு மெயின் பிளேடைப் பூட்டி, பிட்ச் கேஜ் மாட்டி, நடுவில் 0 டிகிரி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஸ்வாஷிலிருந்து பிளேடு கிரிப்புக்குப் போகும் லிங்க்கைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். எண்ணை மாற்றி அல்ல. யூனிட் கேட்கும் சைக்ளிக் கோணத்தையும், அதாவது ஐலரானோ எலிவேட்டரோ ஸ்வாஷைச் சாய்க்கும்போது பிளேடு பெறும் கோணத்தையும் (6 டிகிரி, 8 டிகிரி என்று யூனிட்டுக்கு யூனிட் மாறும்) இப்போதே கொடுத்துவிடுங்கள். அந்தக் கோணத்தை வைத்துத்தான் யூனிட் தன் கணக்கைப் போடுகிறது. ஹெலிகாப்டர் துடுக்காக இருக்கிறது என்று அதைக் குறைத்தால் பறப்பது மோசமாகும், பணிவாக அல்ல.

இப்போது கர்வ். –12 முதல் +12 வரை மொத்தம் 24 டிகிரி. கர்வில் அது 0 முதல் 100 வரை. ஆக ஒரு சதவீதம் 0.24 டிகிரி. 50 என்றால் 0 டிகிரி, 40 என்றால் –2.4, 75 என்றால் +6. ஹோவருக்குச் சுழல் வேகத்தைப் பொறுத்து 5, 6 டிகிரி தேவைப்படும்.

பழகும்போது நார்மல் மோடுக்கு ஐந்து புள்ளிகளில் 40–45–50–75–100 என்று போடுங்கள். ஸ்டிக்கை பதறிக் கீழே இழுத்தாலும் –2.4 டிகிரிக்கு மேல் போகாது, ஹெலிகாப்டர் தரையில் அறைந்துகொள்ளாது. ஐடில் அப் (வேகமான பறத்தலுக்கான மோடு), த்ராட்டில் ஹோல்டு (மோட்டாரை நிறுத்தும் மோடு) இரண்டிலும் 0–25–50–75–100. மேல் பாதி மூன்று மோடிலும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். நடு ஸ்டிக்கிலேயே ஹோவர் வரும்படி 70 என்று போடுவதுதான் பல பேருக்குப் பிடிக்கும். ஆனால் அப்படிப் போட்டு, ஐடில் அப்பில் நேர்கோடு வைத்திருந்தால், ஹோவரில் ஸ்விட்சைத் தட்டிய நொடியில் 4.8 டிகிரி 0 ஆகிவிடும். ஹெலிகாப்டர் கல்லைப் போல விழும்.

கேள்வி: த்ராட்டில் கர்வுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டா? ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கவர்னர் (சுழல் வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் வசதி) இருக்கிறது.

கவர்னர் இருந்தால் வேலை பாதி. கர்வ் என்பதே வேண்டாம், மட்டமான கோடு போதும். நார்மலில் ஐந்து புள்ளியும் 65, ஐடில் அப் ஒன்றில் 75, இரண்டில் 85, ஹோல்டில் 0 என்பது தொடங்குவதற்கு ஏற்ற அமைப்பு. ஸ்டிக் பிட்ச்சை மட்டும் ஆட்டும். சுழல் வேகத்தை ஸ்விட்ச் தீர்மானிக்கும். மோட்டாரைக் கிளப்புவதும் நிறுத்துவதும் ஹோல்டு ஸ்விட்ச் மூலம்தான். 100 வைக்காதீர்கள். பிளேடுகளுக்குச் சுமை ஏறும்போது வேகம் குறையாமல் தாங்க கவர்னருக்கு மேலே கொஞ்சம் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் இறங்கி டெயில் நழுவும்.

கவர்னர் இல்லாதவர்கள் ஐடில் அப்புக்கு 85–80–75–80–85 போன்ற ஆழமில்லாத ‘வி’ வடிவத்தில் தொடங்கலாம். பிட்ச் எந்தப் பக்கம் கூடினாலும் சுமை கூடும் என்பதால் இரு ஓரமும் உயர்கிறது.

எதற்கும் முன்பு ஈஎஸ்சிக்கு த்ராட்டிலின் இரு கோடிகளையும் கற்றுக்கொடுக்க வேண்டும். நேர்கோட்டுக் கர்வில், ஸ்டிக்கை முழுக்க மேலே வைத்து பேட்டரியைச் செருகுங்கள். பீப் ஒலி வந்ததும் முழுக்கக் கீழே இறக்குங்கள். பெரும்பாலான ஈஎஸ்சிகளில் இதுதான் முறை. உங்களுடையதின் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பீப் மட்டும் அடித்துக்கொண்டு ஈஎஸ்சி தயாராக மறுத்தால், கீழ்க்கோடி அதற்குப் போதுமான அளவு கீழே இல்லை, அல்லது சேனல் தலைகீழ். ஃபுடாபா டிரான்ஸ்மிட்டர்களில் த்ராட்டிலை ரிவர்ஸ் செய்தால்தான் பல ஈஎஸ்சிகள் ஒத்துழைக்கும்.

கேள்வி: ரடர் ஸ்டிக்கை அசைத்துவிட்டு விட்டால், டெயில் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் டெயில் ஸ்லைடர் ஒரு கோடியிலேயே நின்றுவிடுகிறது. நடுவுக்குத் திரும்பவில்லை. கைரோவை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மூக்கின் திசையைப் பிடித்து வைக்கும் ஹெடிங் ஹோல்டு மோடில் அது அப்படித்தான் செய்யும். ‘திரும்பு’ என்று சொன்னீர்கள், மேசையில் இருக்கும் ஹெலிகாப்டர் திரும்பவில்லை, ஆகவே கைரோ இன்னும் தள்ளிப் பார்க்கிறது. திரும்பும் வேகத்தை மட்டும் அடக்கும் ரேட் மோடுக்கு மாற்றினால் ஸ்லைடர் நடுவுக்கு வரும். டெயில் சர்வோவைப் பூட்டுவதும் நீளம் பார்ப்பதும் ரேட் மோடில்தான்.

கேள்வி: மோட்டாரைக் கிளப்பியதும் ஹெலிகாப்டர் தரையிலேயே பம்பரமாகச் சுற்றிவிட்டது. டெயில் ஸ்டிக் திசை சரியாகத்தான் இருந்தது.

ஸ்டிக் திசை சரி, கைரோ திசை தவறு. இவை இரண்டும் வெவ்வேறு அமைப்புகள்.

சோதிக்கும் வரிசை இது. ரடர் ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளுங்கள். பின்னால் நின்று பார்க்கும்போது டெயில் பிளேடுகள் காற்றை வலது பக்கம் தள்ளும் கோணத்துக்கு வர வேண்டும். அப்போதுதான் வால் இடது பக்கமும் மூக்கு வலது பக்கமும் போகும். தவறென்றால் யூனிட்டில் டெயில் சர்வோவை ரிவர்ஸ் செய்யுங்கள். அடுத்து, ஸ்டிக்கைத் தொடாமல் ஹெலிகாப்டரைக் கையில் பிடித்து மூக்கைச் சட்டென்று இடது பக்கம் திருப்புங்கள். சற்று முன் வலது ரடருக்கு ஸ்லைடர் எந்தப் பக்கம் போனதோ, அதே பக்கம் இப்போதும் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் கைரோ திசையை, அதாவது சென்சார் திசையை மட்டும் மாற்றுங்கள். சர்வோவை ரிவர்ஸ் செய்தால் ஸ்டிக்கும் சேர்ந்து தலைகீழாகும், பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

ஸ்வாஷ்பிளேட்டுக்கும் இதே சோதனை. மூக்கைக் கீழே சாய்த்தால் ஸ்வாஷ் பின்பக்கம் சரிய வேண்டும். வலது பக்கம் சாய்த்தால் இடது பக்கம். உடல் எப்படிச் சாய்ந்தாலும் ஸ்வாஷ் பழைய மட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கப் பார்க்கும். யூனிட்டின் அமைப்பை எப்போது தொட்டாலும், பிளேடு மாட்டும் முன்பு இதைச் செய்யுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: டெயில் ஆடுகிறது. கெயினைக் கூட்டுவதா, குறைப்பதா?

எப்படி ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. வேகமாக, சின்னதாக, நடுங்குவது போல ஆடினால் கெயின் அதிகம். மெதுவாக, பெரிதாக இரு பக்கமும் வீசினால் கெயின் குறைவு, அல்லது இயந்திரத்தில் கோளாறு. பிந்தையதில் கெயினைத் தொடும் முன்பு பால் லிங்க்கை சர்வோவிலிருந்து கழற்றி ஸ்லைடரை விரலால் தள்ளிப் பாருங்கள். எங்கும் சிக்காமல் வழுக்கிப் போக வேண்டும். போகாவிட்டால் எந்த எண்ணும் உதவாது.

தொடக்கத்துக்கு 45 அல்லது 50. வேகமான நடுக்கம் தெரியும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தெரிந்ததும் 5 குறையுங்கள். சுழல் வேகம் கூடினால் டெயிலின் பலமும் கூடும், ஆகவே ஐடில் அப் இரண்டில் நார்மலைவிடக் குறைந்த கெயின் போதும். ஒவ்வொரு மோடுக்கும் தனி எண் கொடுங்கள். கெயின் சேனலை வெறும் ஸ்விட்சோடு இணைத்து +100, –100 என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் முழு கெயினில் ஹெடிங் ஹோல்டும், மறுபக்கம் முழு கெயினில் ரேட் மோடும் வந்து நிற்கும்.

கேள்வி: எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் (ஒரு திறந்த மூல ரேடியோ முறை) ரிசீவர் போட்டிருக்கிறேன். கெயினை என்ன மாற்றினாலும் யூனிட்டில் ஒன்று முழுக்கக் குறைவாக, இல்லையேல் முழுக்க அதிகமாகவே தெரிகிறது.

கெயினை 5-ஆம் சேனலில் வைத்திருப்பீர்கள். 3-ஆம் பதிப்பு வரை அந்த சேனல் ஆர்மிங்குக்கு (மோட்டார் இயங்க அனுமதிப்பதற்கு) ஒதுக்கப்பட்டது. இரண்டே நிலைதான் அதில் போகும். கெயினை வேறு சேனலுக்கு நகர்த்தி, 5-ல் ஒரு இரு நிலை ஸ்விட்சைப் போடுங்கள். சேனலுக்கு எத்தனை படிகள் என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் மோடைப் பொறுத்தது என்பதால் பிட்ச் எந்த சேனலில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது முழுத் துல்லியத்தோடு போகும் முதல் நான்குக்குள் இருப்பது நல்லது. த்ராட்டில் மட்டமான கோடுதானே, அதைப் பின்னால் தள்ளலாம்.

கேள்வி: டெயில் சர்வோ ஒரு ஓரத்தில் முட்டிக்கொண்டு உறுமுகிறது, தொட்டால் சுடுகிறது.

உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். யூனிட்டில் பல்ஸ் (சர்வோவுக்குப் போகும் கட்டளைத் துடிப்பு) அளவைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். சாதாரண சர்வோவுக்கு நடுநிலை 1520 மைக்ரோ செகண்டு; ஹெலிகாப்டர் டெயிலுக்கென்றே செய்யப்பட்ட சிலவற்றுக்கு 760. ஒன்றுக்கு மற்றதைக் கொடுத்தால் சர்வோ அதை ஓரத்துக்குப் போகச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொண்டு எரியும் வரை முட்டும்.

ஒரு நொடிக்கு எத்தனை பல்ஸ் அனுப்புவது என்பதும் இதோடு சேர்ந்தது. 760 வகைக்கு 560 ஹெர்ட்ஸ் வரை கொடுப்பதுண்டு, 1520 டிஜிட்டல் வகைக்கு 333. 560 ஹெர்ட்ஸில் ஒரு பல்ஸுக்கும் அடுத்ததற்கும் இடையே மொத்தமே சுமார் 1786 மைக்ரோ செகண்டுதான். 1520-ஐ நடுவாகக் கொண்ட பல்ஸ் ஓரத்தில் 1900-ஐத் தாண்டும், அதற்குள் அடங்காது. அனலாக் சர்வோவுக்கு 50 அல்லது 60 ஹெர்ட்ஸைத் தாண்டாதீர்கள். வாங்கும்போது வந்த தாளைத் தொலைத்துவிட்டால் 1520, 50 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து, தயாரிப்பாளரின் விவரம் கிடைத்தபின் கூட்டுங்கள்.

கேள்வி: மேலெழும் முன்பே ஸ்வாஷ் மெல்ல சாய்கிறது. டிரிம் போட்டேன், இன்னும் மோசம்.

டிரிம்மை எடுத்துவிடுங்கள். ஃப்ளைபார்லெஸ் யூனிட்டைப் பொறுத்தவரை ஸ்டிக் நடுவைவிட்டு விலகினால் ‘இந்த வேகத்தில் உருளு’ என்று அர்த்தம். இரண்டு கிளிக் டிரிம் போட்டால், விடாமல் மெதுவாக உருளச் சொல்கிறீர்கள்.

தரையில் ஹெலிகாப்டர் நகர முடியாது, யூனிட்டுக்கு அது தெரியாது. கேட்டது நடக்கவில்லை என்று திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். நீங்கள் சாய்வைப் பார்த்து எதிர்ப்பக்கம் ஸ்டிக் கொடுத்தால் அதுவும் சேரும். ஸ்டிக்கை நடுவில் விட்டு, வேகம் முழுதாக ஏறிய பின்பு, தயங்காமல் ஒரே மூச்சில் மேலே எடுங்கள். பிளேடு சுழல, தரையை உரசியபடி நிற்பதுதான் கவிழ வைக்கும். காற்றில் நின்ற பிறகும் ஒரு பக்கம் நகர்ந்தால் ஸ்வாஷ் மட்டத்தையும் எடை மையத்தையும் பாருங்கள். பேட்டரி செருகியதும் சென்சார் தன்னைச் சமன் செய்யும் சில நொடிகள் ஹெலிகாப்டரை அசைத்தீர்களா என்றும் யோசியுங்கள்.

கேள்வி: எக்ஸ்போ 30 போட்டதும் ஹெலிகாப்டர் மேலும் துடுக்காகிவிட்டது.

குறி மாறியிருக்கிறது. ஃபுடாபாவில் நடுப்பகுதியை மென்மையாக்க –30, ஸ்பெக்ட்ரமில் +30. திரையில் வரும் வளைவைப் பாருங்கள்; நடுவில் படுத்திருக்க வேண்டும்.

கேள்வி: முதல் பறத்தலுக்கு முன்பு ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் ரிசீவர் எடுக்கும் நிலை), ரேஞ்ச் (சிக்னல் எட்டும் தூரம்) இரண்டையும் எப்படிச் சோதிப்பது? ரிசீவரின் ஆன்டெனாவை எங்கே வைப்பது?

மோட்டார் வயர் கழன்றிருக்கும் நிலையிலேயே, த்ராட்டில் சேனலை 75-ல் வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். யூனிட்டின் திரையில் த்ராட்டில் கோடு 0-க்கு இறங்க வேண்டும். 75-லேயே நின்றால், சிக்னல் போன ஹெலிகாப்டர் முழுச் சுழற்சியோடு எங்காவது போய் இடிக்கும். சில ரிசீவர்கள் பைண்ட் செய்த நொடியில் இருந்த நிலையையே ஃபெயில்சேஃப் ஆக நினைவில் வைப்பவை. அவற்றை ஹோல்டு ஸ்விட்ச் போட்ட நிலையில் மறுபடி பைண்ட் செய்யுங்கள். சைக்ளிக் சேனல்கள் கடைசி நிலையில் நின்றால் பரவாயில்லை, ஓரிரு கணத்துக்குச் சிக்னல் அறுந்தால் அதுவே நல்லது. பழக்கமும் முக்கியம்: முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு ஹெலிகாப்டர், அணைக்கும்போது நேர்மாறாக.

ஆன்டெனாவில் வேலை செய்வது கடைசி 31 மில்லிமீட்டர் மட்டும்தான், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைநீளத்தில் கால் பங்கு. உறை இல்லாத அந்த முனை கார்பன் சட்டத்தை ஒட்டியோ மோட்டார் வயரை ஒட்டியோ கிடக்கக் கூடாது. இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில், பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி வெளியே நீட்டுங்கள்.

மின்சாரத்தையும் அப்போதே சோதியுங்கள். எல்லா ஸ்டிக்குகளையும் பத்து நொடி கண்டபடி சுழற்றிக்கொண்டே வோல்டேஜைப் பாருங்கள். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பிஇசி 6 வோல்ட் கொடுப்பதாக இருந்து, 5-க்குக் கீழே இறங்கினால் அது நான்கு டிஜிட்டல் சர்வோக்களைத் தாங்காது. 3.5 வோல்ட் அளவில் பல ரிசீவர்கள் அணைந்து மறுபடி எழும். ‘ரேடியோ கோளாறு’ என்று சொல்லப்படும் விபத்துகளில் கணிசமானவை இப்படி நேர்பவை. வோல்டேஜைக் கூட்டினால் தீரும் என்று 8.4-க்கு ஏற்றாதீர்கள், சர்வோ உயர் வோல்டேஜ் வகையாக இல்லாவிட்டால் கருகும்.

இவ்வளவும் சரியென்றால் டிரான்ஸ்மிட்டரை ரேஞ்ச் செக் மோடில் வைத்து முப்பது அடி எடுத்து வைத்து நடந்து போங்கள், ஒருவர் ஹெலிகாப்டரின் பக்கத்தில் நிற்கட்டும். ஹெலிகாப்டரை நான்கு பக்கமும் திருப்பி வைத்து, ஒவ்வொரு திசையிலும் ஸ்வாஷ் தடங்காமல் அசைகிறதா என்று அவர் சொல்ல வேண்டும். ஒரே ஒரு திசையில் மட்டும் தடுமாறினால் ஆன்டெனாவின் இடத்தை மாற்றிவிட்டு மறுபடி நடங்கள்.